நாளைக்குப் பாத்துக்கலாமா?



மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கத்தி வைத்தால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிய பிறகு வைத்தால் ஓட்டம் குறைந்து போகும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்றைய வெட்டே போச்சு! செம்பனையிலும் இதே கதைதான். காயாக இருக்கும்போது குலையை இறக்கினால் மண்டோர் சத்தம் போடுவார். நாள் தள்ளிப் போனாலோ உதிரிப் பழம் பொறுக்கியே முதுகு ஒடியும். எண்ணெயின் தரமும் கெடும். மரம் நமக்காகக் காத்திருக்காது. இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆனால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நம் வாயில் வருகிற சொல் என்ன? "நாளைக்குப் பாத்துக்கலாம்."

காலில் புண் ஆறவில்லை, கிளினிக்குக்குப் போகணும். நாளைக்குப் பாத்துக்கலாம். "அப்பா, நான் படிக்கிறேன், கேளுங்க" என்று பிள்ளை புத்தகத்தோடு வந்து நிற்கிறது. நாளைக்குப் பாத்துக்கலாம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அதையும் நாளைக்குப் பாத்துக்கலாம்!

சங்க வேலையாக நாம் தோட்டந்தோட்டமாகப் போகிறவர்கள். இந்த ஒரு சொல்லால் கண்ணீர் விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். முப்பது வருஷம் உழைத்த ஒருவர், சேமநிதியில் வாரிசு பேர் பதியாமலே கண்ணை மூடினார். பதிவதற்கு அரை நாள்கூட ஆகியிருக்காது. பதியாமல் போனதால் அவர் மனைவி மாதக்கணக்கில் அலைந்தார். தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்து 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அந்த 60 நாளைத் தவற விட்டதால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதிலும் பத்திரத்துக்காக அலைகிற தாய்மார் நம்மிடையே உண்டு.

"கூலிக்காரனுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை தோழரே! பெரட்டில் நம் பேரைக் கூப்பிடுவது அன்றைய வேலை நேரத்துக்குத்தான். மிச்ச நேரம் நம்முடையது. நிலையாமையைச் சொல்ல வந்த வள்ளுவர், நாள் என்பதை உயிரை அறுக்கிற வாளாகக் காட்டுகிறார். கத்தி பிடித்த கைக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் பட்டை போகிறது. ஆனால், சீவிய பட்டை சில வருஷத்தில் மறுபடி வளரும். போன நாள் வளருமா?

நம் முன்னோர் எல்லாருமே தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்துவிடவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 100 வெள்ளி. நாள் சம்பளக்காரனிடம் மொத்தமாக 100 வெள்ளி ஏது? மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் காசில் வாங்கப்பட்டது. "சம்பளம் கூடட்டும், அப்புறம் கட்டலாம்" என்று இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

இன்றைய நாளை மதிப்பது என்றால், சம்பளம் வாங்கியதும் நேரே சம்சுக் கடைக்குப் போவது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நாளைய சோற்றை இன்றே தின்பது! எந்நேரமும் பாரங்களும் ஆபீசுமாக அலையச் சொல்லவும் இல்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மனைவியோடு ஒரு காப்பி குடிப்பதும், பெரியவர்களிடம் பழைய கதை கேட்பதும் நாளைப் பயன்படுத்துவதுதான்.

எத்தனையோ தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகி விட்டன. கோயிலடியில் கூடியிருந்த சனம் திசைக்கொன்றாய்ப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் இருந்தவரைப் பார்க்க இன்று பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தையோ வீட்டையோ நினைத்து ஏங்குவதைவிட, "அப்ப எல்லாரும் ஒண்ணா இருந்தோமே, அதன் அருமை தெரியலையே" என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். இன்னும் தோட்டத்தில் சேர்ந்து வாழ்கிறவர்கள் அந்த அருமையை இப்போதே உணரட்டும்.

ஆகவே, இந்தத் தாளை மடித்து வைத்ததும், தள்ளிப் போட்ட காரியங்களில் ஒன்றை எடுங்கள். சேமநிதியில் பேர் பதிந்தாயிற்றா என்று வீட்டில் கேளுங்கள். பேசாத தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால், இன்று ராத்திரி நம் கையில் இருக்கிறது.