ஒன்று இயங்க மற்றொன்று இயங்கும்

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் உள்ள எரியோட்டைச் சுற்றிய சமவெளியில் வேளாண்மை பெரிதும் நிலத்தடி நீரை நம்பியே நடைபெறுகிறது. இத்தகைய வறண்ட பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு மோட்டார் தொட்டிக்கு ஏற்றும்; மற்றொரு மோட்டார் தொட்டி நீரைச் சொட்டுநீர்க் குழாய்களுக்குச் செலுத்தும். முதலாவதை இயக்கிவிட்டு, வரப்பு வழியே நடந்து சென்று இரண்டாவதை இயக்குவது உழவரின் வேலை. மின்சாரம் இரவில் வந்தால் அந்நடை இருளில் அமையும். பாம்பும் ஈரத்தரையில் கசியும் மின்சாரமும் அவ்வழியின் இடர்கள். முதன்மைக் கருவி இயங்கியதும் துணைக் கருவி தானே இயங்குமாயின் இந்நடை வேண்டியதில்லை. அஃது எவ்வாறு இயலும்?

மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும் என்பதை ஆயர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்தார். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை ஃபாரடே 1831இல் மெய்ப்பித்தார். இவ்விரு உண்மைகளே இங்குப் பயன்படுகின்றன. முதல் மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளுள் ஒன்றை ஒரு வளையச் சுருளின் நடுவே செலுத்துவர். மோட்டார் இயங்கும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அது ரிலே என்னும் மின்காந்தச் சாவியை இயக்க, அச்சாவி இரண்டாம் மோட்டாரின் ஸ்டார்ட்டரை இயக்கும். முதலாவது நின்றால் சுருளின் மின்னோட்டம் மறையும், இரண்டாவதும் நின்றுவிடும்.

மோட்டார் புறப்படும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ 5 முதல் 7 மடங்கு எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நொடியில் புறப்பட்டால் மின்னழுத்தம் தாழ்ந்து, இரண்டுமே திணறும். எனவே, சிறிது நேரம் கழித்தே துணை மோட்டாரை இயக்கும் காலத்தாழ்வு ரிலேயையும் உடன் இணைப்பர்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளையச் சுருள் மின்னோட்டத்தை அறியும், நீரை அறியாது. கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றினாலும் முதல் மோட்டார் சுழலும். அதை நம்பி இரண்டாவதும் வெறுந்தொட்டியில் சுழன்று சூடேறிப் பழுதாகும். ஆதலால், தொட்டியில் நீர் இருந்தால் மட்டுமே இணைப்புத் தரும் மிதவைச் சாவியும் தேவை. நீரின்றிச் சுழலும் மோட்டார் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். அக்குறைவை உணர்ந்து முதல் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவியும் உண்டு.

நீரை அறியாத கருவி மனிதரையும் அறியாது. மின்தடையின்போது ஒருவர் மோட்டாரைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கலாம். மின்சாரம் திரும்பியதும் தானியங்கி அமைப்பு அவர் கை அங்கிருப்பதை அறியாமலே மோட்டாரை இயக்கிவிடும். எனவே, மோட்டாரைத் தொடுமுன் முதன்மைச் சாவியை அணைத்து, ஃபியூஸைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு கருவியிடம் வேலையை ஒப்படைக்கும் முன், அஃது எதை அறியும், எதை அறியாது என்பதைத் தெரிந்துகொள்வதே அதனைப் பயன்படுத்தும் முறையாகும்.