எட்டு லைட்டும் எரிஞ்சுது, லேன் மட்டும் நிக்கல

மேட்ச் நல்லா போயிட்டு இருக்கும். திடீர்னு எதிர்ல ஓடி வர்றவன் அப்படியே சிலை மாதிரி நிப்பான். கொஞ்ச நேரத்துல, லேன் கேபிள் மாட்டப்படலைன்னு திரையில வரும். எட்டிப் பார்த்தா கேபிள் ஒழுங்காத்தான் மாட்டி இருக்கு. கழட்டி மாட்டினா நெட் வந்துடும், அரை மணி நேரத்துல மறுபடியும் போகும். வைஃபையை நம்பாதே, ஒயர்தான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றதைக் கேட்டு, மாடி வரைக்கும் கேபிள் இழுத்தவனுக்கு இது நடந்தா எப்படி இருக்கும்? உங்க வீட்லயும் இப்படி நடந்திருந்தா, கன்சோலைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நான் கன்சோலை மட்டும் திட்டல, அதை எனக்கு வித்த சீனியர் அண்ணனையும் சேர்த்துத் திட்டிட்டேன்.

போன வருஷம் இன்டர்ன்ஷிப் காசுல அவர்கிட்ட ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். 2013-ல வந்த முதல் மாடல். அதுல வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கறதால 2.4-ல ஒரே நெரிசல். அதனால கீழ ஹால்ல இருக்கற ரவுட்டர்லேருந்து மாடி ரூமுக்கு 20 மீட்டர் கேபிள் இழுத்து, ரெண்டு முனையிலயும் நானே கிரிம்ப் பண்ணேன். ஈசிஇ ஃபைனல் இயர் ஆச்சே, இதுக்குப் போய் ஆள் கூப்பிடுவாங்களா? டெஸ்டர்ல போட்டுப் பார்த்தேன். ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் பச்சை லைட் வரிசையா எரிஞ்சுது. கேபிள் ஓகேன்னு முடிவு பண்ணி, அன்னிலேருந்து அதைச் சந்தேகப்படவே இல்ல. எல்லாத் தப்பும் அங்கதான் ஆரம்பிச்சுது.

இந்த மாதிரி பிரச்சினையில முதல்ல கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: அறுந்து போறது லிங்க்கா, இன்டர்நெட்டா? ரெண்டும் வேற. ரவுட்டர்ல கேபிள் சொருகற ஓட்டைக்கு ஒரு குட்டி லைட் இருக்கும். கேம் கட் ஆகற நேரத்துல யாரையாவது அதைப் பார்க்கச் சொல்லுங்க. (என் தம்பிக்கு இதுக்குக் கூலியா ஒரு சாக்லேட் போச்சு.) லைட் அணைஞ்சா பிரச்சினை கேபிள், பிளக், போர்ட் இந்த மூணுக்குள்ளதான். அப்போ டிஎன்எஸ் மாத்துறது, நெட் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்துறது எல்லாம் வேஸ்ட். லைட் எரிஞ்சுக்கிட்டே நெட் மட்டும் போனா, ஐபி முகவரி, ரவுட்டர் செட்டிங், வெளியில வர்ற லைன் பக்கம் போங்க. பிஎஸ்4-ல செட்டிங்ஸ், நெட்வொர்க் உள்ள போய் இணைப்பைச் சோதிச்சா, ஐபி கிடைச்சுதா, இன்டர்நெட் கிடைச்சுதா, பிஎஸ்என் உள்ள போச்சான்னு தனித்தனியா காட்டும். எந்தப் படியில விழுதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

எனக்கு லைட் அணைஞ்சு அணைஞ்சு வந்துது. சரி, கேபிளா கன்சோலா? அதே கேபிளை லேப்டாப்ல மாட்டினேன். யூடியூப் ஓடுச்சு, வெப்சைட் எல்லாம் திறந்துது. அப்போ கேபிள் நல்லது, கன்சோலோட லேன் போர்ட்தான் போச்சுன்னு தீர்ப்பு எழுதி, அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணா, போர்ட் போயிருக்கு. தெரிஞ்சேதானே குடுத்தீங்க?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "தம்பி, என்கிட்ட நல்லாத்தான்டா ஓடுச்சு. உனக்கு நம்பிக்கை இல்லன்னா திருப்பிக் குடுத்துடு. காசை பெங்களூர்ல ரூம் அட்வான்ஸுக்குக் கட்டிட்டேன், ரெண்டு மாசத்துல தந்துடறேன்"னார். நான் சரின்னுகூடச் சொல்லாம போனை வெச்சேன்.

இப்போ அந்த லேப்டாப் டெஸ்ட் ஏன் தப்புன்னு சொல்றேன். ஈதர்நெட்ல ஒரு ஃபிரேம்ல ஒரே ஒரு பிட் மாறினாலும் சிஆர்சி பொருந்தாது, அந்த ஃபிரேமை யாருக்கும் சொல்லாம தூக்கிப் போட்டுடுவாங்க. வெப்சைட், யூடியூப் மாதிரி விஷயத்துல தொலைஞ்சதைத் திரும்ப அனுப்பச் சொல்ல வழி இருக்கு. பக்கம் கொஞ்சம் மெதுவா திறக்கும், யூடியூப் முன்கூட்டியே சேர்த்து வெச்சதை ஓட்டும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆன்லைன் கேம் பெரும்பாலும் யூடிபில ஓடுது. போனது போனதுதான். ஆக, யூடியூப் ஓடுதுங்கறது கேபிளுக்கு நற்சான்றிதழ் இல்ல.

சரியான டெஸ்ட் பிங். அதுவும் வெளியில இருக்கற சர்வருக்கு இல்ல, உங்க ரவுட்டருக்கே. பல வீட்ல அதோட முகவரி 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1. லேப்டாப்ல வைஃபையை முதல்ல அணைச்சிடுங்க, இல்லன்னா பிங் அந்த வழியா போயிட்டு வந்து உங்களை ஏமாத்தும். விண்டோஸ்ல சும்மா பிங் அடிச்சா 32 பைட்தான் போகும். அவ்வளவு சின்னது பெரும்பாலும் தப்பிச்சுப் போயிடும். அளவை 1400 பைட் ஆக்கிட்டு நூறு தடவை அனுப்புங்க. பாக்கெட் நீளமா இருந்தா வழியில அடிபட வாய்ப்பு அதிகம். எனக்கு 32 பைட்ல ஒண்ணுகூட தொலையல, 1400-ல ஒன்பது தொலைஞ்சுது. 20 மீட்டர் ஒயர்ல, நடுவுல வேற எதுவுமே இல்லாம, ஒண்ணுகூட தொலையக் கூடாது. இன்னொண்ணும் கவனிச்சேன். அம்மா கீழ தண்ணி மோட்டார் போடும்போது எண்ணிக்கை ஏறுச்சு.

அப்புறம்தான், முதல் நாளே செய்ய வேண்டியதைச் செஞ்சேன். கன்சோலைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போய், ரவுட்டர் டப்பாவுல வந்த ஒரு மீட்டர் கேபிள்ல மாட்டி, மூணு மணி நேரம் ஆடினேன். ஒரு தடவைகூட கட் ஆகல. போர்ட்ல ஒண்ணுமே இல்ல. அந்தக் குட்டி கேபிளோட பிளக்கையும் நான் கிரிம்ப் பண்ண பிளக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு டியூப் லைட் வெளிச்சத்துல பார்த்தப்போதான் வயித்துல புளியைக் கரைச்சுது. கலர் வரிசை வேற.

நான் ஜோடி ஜோடியா அழகா அடுக்கி இருந்தேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரிதான். ரெண்டு பக்கமும் ஒரே வரிசையா இருந்தா போதும்னு பல பேர் சொல்வாங்க, நானும் நம்பினேன். போதாது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் 1, 2 பின்னை ஒரு ஜோடியாவும் 3, 6 பின்னை இன்னொரு ஜோடியாவும் பயன்படுத்துது. என் வரிசைப்படி 3-ல வெள்ளை பச்சை, 6-ல நீலம். ஒண்ணோட ஒண்ணு முறுக்கப்படாத ரெண்டு ஒயர்ல ஒரே சிக்னலை அனுப்பிட்டு இருந்திருக்கேன். இதுக்கு ஸ்பிளிட் பேர்னு பேர்.

ஜோடியா முறுக்கி வெச்சது அழகுக்கு இல்லன்னு நாமதான் படிச்சிருக்கோமே. ஒரு ஒயர்ல சிக்னல், இன்னொண்ணுல அதோட எதிர். வெளியில இருந்து வர்ற நாய்ஸ் முறுக்கின ரெண்டு ஒயர்லயும் ஏறக்குறைய சமமா ஏறும், ரிசீவர் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது அது கழிஞ்சிடும். டிஃபரன்ஷியல் சிக்னலிங். 13 மார்க் கேள்விக்கு படம் வரைஞ்சு எழுதி இருக்கேன். வீட்ல அதே படத்தை நானே பிரிச்சுப் போட்டு, பக்கத்து ஜோடியோட சிக்னலையும் மோட்டார் நாய்ஸையும் உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சிருக்கேன்.

அப்போ டெஸ்டர் ஏன் பச்சை காட்டுச்சு? அந்த மலிவு டெஸ்டருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: இந்த முனையில 3-ன்னு இருக்கறது அந்த முனையில 3-க்கு போய்ச் சேருதா. எது எதோட முறுக்கி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஸ்பிளிட் பேரைக் கண்டுபிடிக்கற டெஸ்டரும் இருக்கு, விலைதான் நமக்குக் கட்டாது. கண்ணால கலரைப் பாருங்க, அது இலவசம்.

சரியான வரிசை, டி568பி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தை நடுவுல விட்டுட்டு ரெண்டு பக்கமும் நிக்கறது விசித்திரமாத்தான் தெரியும். பழைய டெலிபோன் பிளக்ல நடுவுல இருக்கற ரெண்டு பின் முதல் லைன், அதைச் சுத்தி இருக்கற ரெண்டும் அடுத்த லைன். அந்த வழக்கத்தை ஒட்டி வந்த வரிசை இது. கிரிம்ப் பண்ணும்போது முறுக்கை ரொம்பப் பிரிக்காதீங்க, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். வெளித்தோலும் பிளக்குக்குள்ள போய் மாட்டணும், இல்லன்னா இழுக்கும்போது ஒயர் கழண்டு வரும்.

எல்லாருக்கும் ஸ்பிளிட் பேராதான் இருக்கணும்னு இல்ல. பிளக்கோட குட்டி கிளிப் உடைஞ்சிருந்தா, மேசை ஆடினாலே லிங்க் போகும். மலிவு கேபிள் சிலதுல உள்ள இருக்கறது செம்பு பூசின அலுமினியம். பிளேடால லேசா சுரண்டினா வெள்ளையா தெரியும், மடக்கினா சீக்கிரம் உடையும். உங்க ரவுட்டர் கிகாபிட்னா நாலு ஜோடியும் வேணும். லேப்டாப்ல லிங்க் ஸ்பீடு 1000 வர வேண்டிய இடத்துல 100 காட்டினா, ஒரு ஒயர் அறுந்திருக்கான்னு பாருங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கற அந்த ஒரு கணத்துல ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகறதும் உண்டு, அப்போ எல்லா லைட்டும் சேர்ந்து அணையும். அப்புறம், கரண்ட் ஒயர் போற அதே பைப்புல லேன் கேபிளை விடாதீங்க. நாய்ஸ் அப்புறம், 230 வோல்ட்டுங்க அது.

ரெண்டு பிளக்கையும் வெட்டிப் போட்டுட்டு, புது பிளக் வெச்சு மறுபடி கிரிம்ப் பண்ணேன். செலவு இருபது ரூபாகூட இல்ல. அம்மாவை மோட்டார் போடச் சொல்லி, 1400 பைட்ல ஆயிரம் பிங் அனுப்பினேன். ஒண்ணும் தொலையல.

போன் பண்ணத்தான் ரெண்டு நாள் ஆச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "அண்ணா, தப்பு என்னோடது, கேபிளை நான்தான் மாத்திக் கிரிம்ப் பண்ணிட்டேன், அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு சாரிண்ணா"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். அவர் திட்டவே இல்ல. எந்தக் கலர் எங்க இருந்துதுன்னு கேட்டார், சொன்னேன்.

"ஏன்டா, நீ ஈசிஇ தானே?"

அவர் மெக்கானிக்கல்.