பக்கவாத மாத்திரை அப்பாவுக்கு வேலை செய்கிறதா? ஒரு மரபணு சொல்லும் பதில்

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் ஞாபகம் வரும். அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் கவலை வேற: ஒருமுறை பக்கவாதம் வந்து மீண்ட அப்பா, மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அது அவர் உடம்பில் வேலை செய்கிறதா?

ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்களுக்கு, மீண்டும் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், சில நாட்களுக்கு இரண்டுமே தருவது வழக்கம். குளோபிடோக்ரல் அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள 'சிஒய்பி2சி19' என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் பலன். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். தினமும் மாத்திரை போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. இந்த எச்சரிக்கையை மருந்தின் லேபிளில் கட்டம் கட்டிப் போடச் சொல்லி அமெரிக்காவின் எஃப்டிஏ 2010-லேயே உத்தரவிட்டது.

நமக்கு ஏன் முக்கியம்?

பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வில் (2023) 57% பேருக்கு இந்தக் குறை இருந்தது. தமிழர்களிடமும் இது பரவலாக இருப்பதை புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003-லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

மாற்று மருந்து டிகாக்ரெலார். அதற்கு இந்த நொதி தேவையில்லை. லேசான பக்கவாதமோ, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் 'மினி ஸ்ட்ரோக்'கோ வந்த, இந்த மரபணுக் குறை உள்ள 6,412 பேரை சீனாவின் 'சான்ஸ்-2' ஆய்வு (2021) கவனித்தது. 90 நாட்களுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தது குளோபிடோக்ரல் எடுத்தவர்களில் 7.6%, டிகாக்ரெலார் எடுத்தவர்களில் 6%. ஆனால் ரத்தக்கசிவு 2.5%-லிருந்து 5.3% ஆனது, பெரும்பாலும் லேசானவைதான். எனவே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாத்திவிட முடியாது. யாருக்குத் தேவை என்று பார்க்கத்தான் சோதனை. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2024-ல் அதைப் பரிந்துரைத்தது. இங்கே இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

சோதனை இல்லாமலே பார்க்கக்கூடியது

கேஸ் மாத்திரை! ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் அதே நொதியைத் தடுப்பவை. பான்டோப்ரசோலில் இந்தத் தொல்லை குறைவு. இதயத்துடிப்பு சீரில்லாமல் பக்கவாதம் வந்திருந்தால் கதையே வேற, அதற்குத் தனி மருந்து.

இன்று வீடியோ காலில் அப்பாவின் மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பெயர்களைக் குறித்துவைத்து, அடுத்த செக்-அப்பில் டாக்டரிடம் கேளுங்கள்.