மன்னார்க் கடலும் போர்க்காலக் கப்பற் போக்குவரத்தும்

கடல் சூழ்ந்த நாட்டுக்குக் கடலே மதிலாம், கடலே வாயிலுமாம். பகைவரைத் தடுக்கும் அம்மதில் உணவு வரும் வாயிலையும் அடைத்துவிடுமாயின் நாட்டின் நிலை யாதாகும்? இரண்டாம் உலகப் போரில் இலங்கை இவ்வினாவை எதிர்நோக்கியது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் தொடர்ந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் நீர் சில இடங்களில் ஒரு மீற்றர் ஆழமேனும் இல்லை. வடக்கேயுள்ள பாக்கு விரிகுடாவும் ஆழங் குறைந்ததே. ஆதலின் நீர்மூழ்கிக் கப்பல் மறைந்து திரிவதற்கும் பெரும் போர்க்கப்பல் உட்புகுவதற்கும் அங்கு இடமில்லை. ஆயினும், பகைவனைத் தடுத்த அத்திட்டுகளே பெரிய வணிகக் கப்பல்களையும் தடுத்தன. கல்கத்தாவிலிருந்து கொழும்புக்கு வரும் கப்பல், தெய்வேந்திர முனையைச் சுற்றி ஆழ்கடல் வழியே வருதல் வேண்டும். ஆபத்து அவ்வழியிலேயே காத்திருந்தது.

1942 மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. இலங்கை மக்கள் பெரிதும் நம்பியிருந்த பர்மிய அரிசி நின்றது. அடுத்த மாதம் நகுமோ தலைமையிலான கப்பற்படை, 5ஆம் நாள் கொழும்பையும் 9ஆம் நாள் திருக்கோணமலையையும் வானிலிருந்து தாக்கியது. அதே வேளையில் ஒசாவாவின் படை வங்காள விரிகுடாவிற் புகுந்து, தக்க காவலின்றிச் சென்ற வணிகக் கப்பல்களுள் இருபதுக்கு மேற்பட்டவற்றை மூழ்கடித்தது.

வணிகக் கப்பல்கள் ஒருங்கு கூடிப் போர்க்கப்பல்கள் புடைசூழச் செல்லும் முறையின் இன்றியமையாமையை இந்நிகழ்ச்சி உணர்த்தும். இரசியாவுக்குப் படைக்கலங்கள் கொண்டு வடதுருவக் கடல்வழியே சென்ற கூட்டங்களின் வரலாறும் இதனையே கூறுகின்றது. அவ்வாண்டு யூலையில் பீ. கியூ. 17 என்னும் கூட்டம், செர்மானியப் பெரும் போர்க்கப்பல்கள் வருமென அஞ்சிக் கலைந்து செல்லப் பணிக்கப்பட்டது. அதன் முப்பதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களில் 24 அழிந்தன. பெரும்பாலன, காவல் நீங்கிய பின்னரே அழிந்தன.

எனினும், போர்க்கப்பல் மட்டும் காவலாகாது. ஏப்பிரில் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஏர்மிசு, வானூர்தி தாங்கிக் கப்பலாக இருந்தும் அன்று தன்மேற் போர் வானூர்தி எதுவுமின்றிச் சென்றது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாறாக, செப்டெம்பரில் வடகடல் சென்ற பீ. கியூ. 18 கூட்டத்துடன் அவெஞ்சர் என்னும் வானூர்தி தாங்கியும் சென்றது. 13 கப்பல்களை இழந்தும் அக்கூட்டத்திற் பெரும்பகுதி துறை சேர்ந்தது.

மன்னார் வழியோ? 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய புகையிரதத் தொடர்புக் கப்பல்கள் பயணிகளையும் தபாலையும் சுமந்தன; போர்க்காலத்திற் படைவீரரும் அவ்வழியே கடந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் துறை அழியும்வரை அவ்வழி நிலைத்தது. ஆயினும் ஒரு நாட்டின் பசியைத் தீர்க்கும் பெருஞ் சுமை அச்சிறு கப்பல்களுக்கு அடங்குவதன்று.

ஆழமற்ற கடல் நமக்கு அரணாயிற்று, அன்னம் தரவில்லை. அன்னம் ஆழ்கடலைக் கடந்தே வந்தது. அதனைக் கொணர்ந்த மாலுமிகளுட் பலர் படைவீரருமல்லர். அவர்தம் பெயர்களை நாம் அறியோம். போர் வரலாறு படிக்கும் மாணவர், வென்ற தளபதிகளோடு அவர்களையும் நினைத்தல் கடனாகும்.