பேசத் தெரியாத நோயாளி



பெரியவர் ஒருவர் டாக்டரிடம் போனால், "இங்கே வலிக்கிறது, மூன்று நாளாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை" என்று தாமே சொல்லிவிடுவார். டாக்டருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பிறந்து நான்கு நாளான குழந்தை என்ன சொல்லும்? அழும், அல்லது அழாமல் கிடக்கும். இந்த இரண்டில் அழாமல், பாலுக்கும் விழிக்காமல் கிடப்பதுதான் கூடுதல் ஆபத்து. ஆனால் வீட்டில் நாம் "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

குழந்தை நல மருத்துவர்களுக்கு இன்று இருக்கும் சிரமங்களைப் பற்றி இந்தப் பேச்சில் சொல்லப் போகிறேன். டாக்டருடைய சிரமம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சிரமத்தில் பாதி நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வைத்தியம் படித்தவள் அல்லள். பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரக் கல்வி படித்ததும், இருபது வருடமாகத் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்து வருவதும்தான் என் தகுதி.

முதலில் ஒரு நல்ல செய்தி. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், தீபகற்பத்தில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 பேர் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே வந்துவிட்டது. நல்ல தண்ணீர், தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், வீடு தேடி வரும் தாதிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் மிஞ்சியிருப்பவை சுலபமான மரணங்கள் அல்ல. இப்போது இறக்கும் கைக்குழந்தைகளில் பெரும்பாதி, பிறந்த முதல் மாதத்திலேயே போய்விடுகின்றன. அந்த ஒரு மாதத்தில்தான் தாயும் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு, திரை போட்ட அறைக்குள் இருக்கிறார்கள். டாக்டருடைய கண்ணுக்கு எட்டாத மாதம் அது.

இதற்கு மஞ்சளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்காவது இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தட்டும். குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது. காரணம் எளிது. நம் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் பழையன கழிந்து புதியன வந்துகொண்டே இருக்கும். பழையவை உடையும்போது பிலிருபின் என்கிற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை ஈரல் வாங்கி, பித்தத்தோடு சேர்த்து, மலத்தின் வழியே வெளியேற்றுகிறது. புதிதாகப் பிறந்த குழந்தையின் ஈரலுக்கு அந்த வேலை இன்னும் கைவரவில்லை. அதனால் மஞ்சள் உடம்பிலே தேங்குகிறது. பால் நன்றாகக் குடித்து, வெளிக்குப் போய், ஈரலும் பழகிவிட்டால், இரண்டு வாரத்துக்குள் தானே இறங்கிவிடும். "எங்கள் காலத்திலும் மஞ்சள் வந்தது, போய்விட்டது" என்று பாட்டிமார்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை.

பெரும்பாலும் என்றேன். அளவுக்கு மீறி ஏறினால் அந்த மஞ்சள் மூளைக்குள் போய்ப் படிந்துவிடும். படிந்ததை எடுக்க எந்த மருந்தும் இல்லை. காது கேட்காமல் போகலாம், கை கால்கள் சொன்னபடி கேளாமல் முறுக்கிக்கொள்ளலாம், உயிரும் போகலாம். என்னிடம் படித்த ஒரு மாணவன் முதல் வரிசையில் உட்கார்ந்தும் நான் கூப்பிடுவது கேட்காமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். கெட்டிக்காரப் பிள்ளை. அவனுடைய மருத்துவக் குறிப்பில், பிறந்த வாரத்தில் வந்த கடும் மஞ்சள்தான் காரணம் என்று எழுதியிருந்தது. "நாலாம் நாள் நல்ல மஞ்சளாத்தான் இருந்தான் டீச்சர், வெயில்ல காட்டினா போயிரும்னாங்க" என்று அவன் தாய் சொன்னார். ஆறாம் நாள் பால் குடிக்க விழிக்கவில்லை என்றுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் மருத்துவமனையில், தாதி ஒருவர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வெளியே வைப்பது வழக்கம். துணி மூடியிருந்த இடம் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை அவர்தாம் முதலில் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் மருத்துவமனையில் குழந்தையை நீல விளக்கின் கீழ்ப் படுக்க வைக்கும் சிகிச்சை. அந்த ஒளி, பிலிருபினை உடம்பு சுலபமாக வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அப்படியானால் வெயிலே போதாதா? போதாது. விளக்கின் அளவு டாக்டருக்குத் தெரியும். வெயிலின் அளவு யாருக்கும் தெரியாது. இரவில் வெயில் இல்லை, மழை நாளில் இல்லை, மஞ்சளோ இரவும் பகலும் ஏறும். அதோடு பச்சைக் குழந்தையின் தோல் கருகும். உடம்பில் நீர் வற்றும். வெயிலில் காட்டுவதை மஞ்சளுக்குச் சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்றே நம் சுகாதார அமைச்சின் மருத்துவ வழிகாட்டியும் சொல்கிறது. குளுக்கோஸ் தண்ணீரும் மஞ்சளை இறக்காது. வயிறு அதிலே நிறைந்து பால் குறைந்தால் மஞ்சள் கூடத்தான் செய்யும்.

இதில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. மாநிறமான தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. இருட்டறையில் மங்கிய விளக்கின் கீழே அறவே தெரியாது. பகலில் சன்னல் ஓரத்துக்குக் கொண்டுவந்து, கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். கால்வரை வந்துவிட்டால் அதிகம் என்று அர்த்தம். ஆனாலும் கண்ணால் பார்த்து அளவு சொல்லிவிட முடியாது. இரத்தம் எடுத்துத்தான் சொல்ல முடியும். ஆகையால் மிஸ்ஸி வந்து "கிளினிக்குக் கொண்டு வாருங்கள், குத்திப் பார்க்க வேண்டும்" என்றால், தீட்டுக் கழியவில்லை என்று தள்ளிப் போடாதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் அதைச் சாதாரணமாக எண்ணவே கூடாது.

சில குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி என்ற ஒரு பொருள் இரத்தத்தில் குறைவாக இருக்கும். தாய்வழி வருவது, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இதைச் சோதித்துவிடுகிறார்கள். குறைவு என்று சொல்லிச் சில நாள் மருத்துவமனையில் வைத்துக்கொண்டால் சண்டை போட்டு அழைத்து வராதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் வாடையே எதிரி. சிவப்பு அணுக்கள் மளமளவென்று உடைந்து, மஞ்சள் ஒரே நாளில் ஏறிவிடும். மூத்த பிள்ளையின் பழைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுவிடுகிறோமே, அதில் இருக்கிறது வினை. பிள்ளை வளர்ந்த பிறகும் காச்சாங் பாராங் தின்னக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாவிட்டால், குழந்தையின் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே போங்கள். பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். அரிதான நோய்தான். அதற்கு கசாய் என்ற ஜப்பானிய மருத்துவர் வகுத்த அறுவைச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் அது பிறந்த அறுபது நாளுக்குள் நடந்தால்தான் பலன் கூடுதல். எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அவர் குழந்தையின் துணியைத் துவைப்பதில்லை. அந்த நிறம் தாய்க்கும் பாட்டிக்கும்தான் தெரியும்.

சளிக்கும் இதே கதைதான். நெஞ்சுச் சளியா, வெறும் மூக்குச் சளியா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60க்கு மேல், ஒரு வயது வரை 50க்கு மேல், ஐந்து வயது வரை 40க்கு மேல் போனால் மூச்சு வேகமாக இருக்கிறது என்று பொருள். விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், புறப்படுங்கள்.

டாக்டர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. குழந்தை நல நிபுணர்கள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். தோட்டத்துக் குழந்தையை முதலில் பார்ப்பவர் சிறிய கிளினிக்கின் தாதியோ இளம் டாக்டரோதான். அந்த இளம் டாக்டர்களில் பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் நாடெங்கும் கறுப்புடை அணிந்து வெளியே வந்து நின்றவர்கள் இவர்கள்தாம். அதைத் தீர்க்க வேண்டியது அரசாங்கம். நம் கையில் இருப்பது வேறு. தடுப்பூசி வேண்டாம் என்று புலனத்தில் வரும் செய்திகளை யார் எழுதினார்கள் என்று கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். 2016ஆம் ஆண்டில் இந்த நாட்டில் தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் இறந்தார்கள். 1992க்குப் பிறகு காணாமல் போயிருந்த இளம்பிள்ளை வாதம் 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு வந்தது. பழைய நோய் செத்துப் போகவில்லை. ஊசியால் ஒதுங்கி நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் நோய் மாதிரியே தெரியாத ஒன்று, வளர்ச்சிக் குறை. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒருவர்! பட்டினியால் என்று சொல்ல முடியாது. டின் பாலும் பிஸ்கட்டும் வயிற்றை நிறைத்துவிடுகின்றன. முட்டைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் இடமில்லை. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைக்கு இனிப்பு டின் பால் கொடுப்பதைக் கொலை என்றே சொல்லிக் கண்டித்தார். அந்த டின் இன்னும் நம் அடுப்படியில்தான் இருக்கிறது. தேநீருக்கு இருக்கட்டும், புட்டியில் வேண்டாம்.

கடைசியாக, கிளினிக்கில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். தாய் வேலைக்குப் போயிருப்பார். பாட்டி பிள்ளையைத் தூக்கி வந்திருப்பார். டாக்டர் மலாய் மொழியில் கேட்பார். பாட்டிக்குப் பாதி புரியும். "காய்ச்சல்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. காய்ச்சல் எந்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்கியது, நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எத்தனை முறை பால் குடித்தது, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால், வீட்டில் நான்காம் ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை இருக்கும். அதனிடம் சொல்லுங்கள், மலாயிலேயே எழுதித் தரும்.