மேசைமேல் ஒரு கிள்ளான் இரயில் பாதை

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பர். சிற்றுரு இரயில் பாதை அமைக்கும் கலைக்கு இந்தப் பழமொழி நன்றாகவே பொருந்தும். உண்மையான இரயிலையும் அது ஓடும் ஊரையும் குறிப்பிட்ட ஓர் அளவில் சுருக்கி, மரப்பலகையின்மேல் ஓடவிடுவதே இக்கலையாகும். செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டில் தண்டவாளத்துடன் கூடிய பொம்மை இரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று குழந்தைகளின் விளையாட்டாக இருந்தது, இன்று பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் வளர்ந்துவிட்டது. இந்தியாவின் புனே நகரில் 1998ஆம் ஆண்டு முதல் சிற்றுரு இரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. செருமனியின் ஹம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட காட்சியகமோ ஒரு கட்டடத்தின் பல தளங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இவற்றைப் பார்ப்பவர்கள், "இதெல்லாம் வசதி படைத்தவர்களின் வேலை, நமக்கு ஏது இவ்வளவு இடம்?" என்று ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால், மாணவர் விடுதியின் புத்தக அலமாரிமேல் வைக்கக்கூடிய நான்கடி நீளப் பலகையே இதற்குப் போதும். அந்த நான்கடியில் எதை அமைப்பது? சுவிட்சர்லாந்தின் பனிமலைகளை அமைப்பதைவிட, பண்டமாரானுக்கு அருகே ஓடும் நம் கிள்ளான் பாதையையே அமைத்துப் பார்த்தால் என்ன? அதற்கான வழிமுறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

சிற்றுருப் பாதை அமைக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் இரயில் எஞ்சினை வாங்கிவிடுவார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது எஞ்சினை அன்று, ஆண்டை. ஏன் என்பதற்குக் கிள்ளான் பாதையின் வரலாறே விடை சொல்லும்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் வடகரையிலுள்ள புக்கிட் கூடா வரை சிலாங்கூர் பாதை வந்தது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி 1890இல் அது கிள்ளான் நகரை அடைந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபோது இரயிலும் கடற்கரை வரை நீண்டிருந்தது. அத்துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. 1973இல் கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியது. 1995இல் மின்சாரத்தில் இயங்கும் கொமுட்டர் இரயில் வந்தது.

இப்போது 1965ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உடனே பல முடிவுகள் தாமாகவே கிடைத்துவிடும். நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்றே இருக்க வேண்டும். கொள்கலன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாதைக்கு மேலே மின்கம்பிகளும் கூடா. கொடிக்கம்பத்தில் பறக்கும் கொடியில் 14 கோடுகள் இருக்கும். 1963க்கு முன்பு என்றால் 11 கோடுகள். எஞ்சின்களைப் பொறுத்தவரை இது பொற்காலம். கிளாஸ்கோ நகரின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் கட்டித் தந்த நீராவி எஞ்சின்களும், 1957இல் வந்த இங்கிலிஷ் எலெக்ட்ரிக் டீசல் எஞ்சின்களும் அன்று ஒன்றாக ஓடின. பத்தாண்டு பின்னே சென்று 1955ஐத் தேர்ந்தால், 1957இல் வந்த அந்த டீசல் எஞ்சின்கள் போய்விடும். அவசரகாலத்தில் உருவான பண்டமாரான் போன்ற புதுக்கிராமங்களுக்கு முள்வேலி வந்துவிடும்.

மீட்டர் பாதையும் கணக்கும்

அடுத்தது அளவுவிகிதம். உலகில் மிகுதியாக விற்பனையாகும் அளவு 'எச்ஓ' எனப்படும் 1:87. அதற்கு அடுத்தது 'என்' எனப்படும் 1:160. கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பாதைகளின் அகலம் அதுதான். ஆனால் நம் நாட்டுப் பாதையோ சரியாக ஒரு மீட்டர், அதாவது 1000 மி.மீ. நம் முன்னோர் கப்பலேற நாகப்பட்டினம் சென்ற காலத்தில், தென்னிந்திய இரயில்வேயின் பல பாதைகளும் இதே மீட்டர் அகலம் கொண்டவையே. ஆகவே, கடையில் கிடைத்த தண்டவாளத்தை அப்படியே வாங்கிப் பதித்தால், கிள்ளான் பாதை ஏறக்குறைய அரை மீட்டர் அகன்றுவிடும். சக்கரங்கள் வண்டியின் ஓரம் வரை விரிந்து, நம் இரயிலின் சாயலே போய்விடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு:

1. எச்ஓ அளவில் 12 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்துதல். சுவிட்சர்லாந்தின் ரேடியன் இரயில்வேயும் மீட்டர் பாதையே என்பதால், பெமோ, பெக்கோ போன்ற நிறுவனங்கள் இவ்வகைத் தண்டவாளத்தை விற்கின்றன. உண்மை அளவில் இது 1044 மி.மீ. ஆகிறது. 4 விழுக்காட்டுப் பிழையைக் கண் கவனிக்காது.

2. 'என்' அளவில் 6.5 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்துதல். மிகக் குறைந்த இடமே தேவைப்படும். ஆனால், கைவேலை மிக நுணுக்கமானது.

3. எளிதில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளத்தை வைத்து, மற்ற அனைத்தையும் 1:110 அளவில் நாமே செய்தல். கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால், அந்த அளவில் ஆயத்தப் பொருள் எதையும் எதிர்பார்க்க முடியாது.

தொடக்க நிலையினருக்கு முதல் வழியே நன்று. மனிதர், மிதிவண்டி, லாரி போன்ற துணைப்பொருள்கள் 1:87 அளவில் தாராளமாகக் கிடைக்கும். எஞ்சினை மட்டும் மீட்டர் பாதை வண்டி ஒன்றின் அடிப்பாகத்தின்மேல், பிளாஸ்டிக் தகட்டாலோ முப்பரிமாண அச்சாலோ உடல் செய்து பொருத்திக்கொள்ள வேண்டும்.

சுற்றிவரும் பாதை தேவையா?

கிள்ளானிலிருந்து துறைமுகம் வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 87ஆல் வகுத்தால்கூட 90 மீட்டருக்கு மேல் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. சரி, வட்டமாக ஓடவிடலாமா? 20 மீட்டர் பயணியர் பெட்டி எச்ஓ அளவில் 23 செ.மீ. நீளமிருக்கும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் மும்மடங்காவது இருந்தால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. அப்படியானால் ஆரமே 69 செ.மீ.; வட்டத்தின் அகலம் ஒன்றரை மீட்டரை நெருங்கும். ஆகவே, சிறிய இடத்தில் வட்டப்பாதையைக் கைவிட்டு, துறைமுகக் கிடங்குகளுக்குச் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கொண்டுசேர்க்கும் பக்கப்பாதைகளை மட்டும் அமைப்பதே அறிவுடைமை.

இதற்கு ஆங்கிலேயர் ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நூக்' என்னும் திட்டம் கைகொடுக்கும். மூன்று பக்கப்பாதைகள். ஒன்றில் 5 சரக்கு வண்டிகள் நிற்கலாம். மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் வந்து சேரும் முன்பாதையில் எஞ்சினும் 3 வண்டிகளும் நிற்க மட்டுமே இடம். மொத்தம் 8 வண்டிகள். அவற்றின் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுத்து, அதே வரிசையில் இரயிலைச் சேர்க்க வேண்டும். 8 x 7 x 6 x 5 x 4 என்று பெருக்கிப் பாருங்கள்: 6720 விதமான இரயில்கள்! ஒரு வண்டிக்கு 8 செ.மீ. என்று கொண்டால், நீண்ட பக்கப்பாதைக்கு 40 செ.மீ., பாதை மாற்றிகளுக்கு 35 செ.மீ., முன்பாதைக்கு 40 செ.மீ. வேண்டும். ஆக, 120 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் ஒரு துறைமுகமே அடங்கிவிடுகிறது.

நம் தட்பவெப்பத்திற்கு ஏற்ப

வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் நம் ஈரக்காற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. பிளைவுட் பலகையின் மேற்பக்கம் மட்டுமன்றி அடிப்பக்கத்திற்கும் விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூச வேண்டும். இல்லையேல் பலகை வளைந்து தண்டவாளமும் வளையும். தண்டவாளம் 'நிக்கல் சில்வர்' வகையாக இருக்கட்டும். பெயரில் வெள்ளி இருந்தாலும், அது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகமே. இரும்பைப்போல் எளிதில் துருப்பிடிக்காது. கஞ்சிப் பசையைத் தவிர்த்து வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். கஞ்சி கரப்பான் பூச்சிகளுக்கு விருந்தாகிவிடும்.

தண்டவாளத்தின் அடியில் பரப்பும் கல்லிலும் கவனம் தேவை. உண்மைப் பாதையில் 5 செ.மீ. இருக்கும் கல், நம் அளவில் 0.6 மி.மீ. மட்டுமே. மெல்லிய சல்லடையில் சலித்த மணலே சரியாக இருக்கும். மணலைத் தூரிகையால் ஒழுங்குபடுத்திய பின், வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தத் துளி இல்லையேல் பசைநீர் மணலில் ஊறாமல் முத்தாக உருண்டு நிற்கும்.

ஊரை ஊராக்கும் நுண்பொருள்கள்

இதுவரை சொன்னவை எந்த நாட்டுப் பாதைக்கும் பொருந்தும். இனி வருபவைதாம் அதைக் கிள்ளான் ஆக்கும்.

தகரக் கூரை: 6 மி.மீ. போல்ட் ஒன்றின் புரிகளுக்கு இடையே 1 மி.மீ. இடைவெளி இருக்கும். அடுப்படி அலுமினியத் தாளை மெத்தென்ற ரப்பர்மேல் வைத்து, அந்த போல்ட்டை அழுத்தி உருட்டினால் அருமையான நெளிதகரம் கிடைத்துவிடும். பழுப்பு வண்ணத்தை ஆங்காங்கே தொட்டால் துரு ஏறிவிடும்.

மண்: உட்பகுதித் தோட்டங்களின் செம்மண் இங்கே பொருந்தாது. கடலோரக் களிமண்ணின் சாம்பல் நிறமே வேண்டும்.

வடிகால்: சாலையோரக் கால்வாய் இல்லாத கிள்ளான், கிள்ளானே அன்று. துறைமுகம் திறந்த 1901இலேயே மலேரியா பரவித் தொழிலாளர்களை வாட்டியது. மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் வடிகால்கள் வெட்டப்பட்ட பிறகே நோய் தணிந்தது. ஆகவே, நாம் வரையும் அந்தச் சிறு கால்வாய்க்குப் பின்னால் பல உயிர்களின் கதை இருக்கிறது.

தென்னை: முறுக்கிய கம்பி தண்டாகும், கத்தரித்த கோழி இறகு ஓலையாகும்.

மனிதர்: நம் அளவில் ஒரு மனிதரின் உயரம் 19 மி.மீ. கடைகளில் கிடைக்கும் உருவங்களில் பெரும்பாலானோர் கோட்டும் தொப்பியும் அணிந்த ஐரோப்பியர். மெல்லிய திசுத்தாளைப் பசைநீரில் நனைத்துப் பெண் உருவத்தின்மேல் சுற்றினால் சேலை கட்டிய அம்மா வந்துவிடுவார். ஆண்களுக்குத் தலைப்பாகையும் கடப்பாரையும் செய்து கொடுத்தால், பாதை பராமரிக்கும் குழு தயார்.

யார் இந்த மனிதர்கள்?

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சிற்றுருக் கலை வெறும் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடக்கிறது. மலாயாவின் இரயில் பாதைகளில் மண் வெட்டியவர்களிலும் சிலிப்பர் கட்டை சுமந்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். நிலையத் தலைவர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்களில் இலங்கைத் தமிழர் பலர். எஞ்சின்களின் பெயரும் எண்ணும் ஏடுகளில் பதிவாகியுள்ளன. பாதையைப் பராமரித்தவர்களின் அன்றாட வாழ்க்கையோ அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. அங்கிருந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' குடியிருப்பும் 2010களில் இடிபட்டது.

நிழற்படம் எடுப்பவர் எதிரே உள்ளதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சிற்றுரு செய்பவர் அப்படிப் போக முடியாது. குவார்ட்டர்ஸ் கதவுக்கு என்ன வண்ணம் பூச வேண்டும்? தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருந்தது? பாதை வேலைக்குப் போனவர் சோற்றை எதில் கட்டிக்கொண்டு போனார்? பொங்கல் அடுப்பு வாசலில் வைக்கப்பட்டதா, பின்கட்டிலா? இவற்றுக்கு விடை தெரியாமல் ஒரு சுவரைக்கூட முடிக்க இயலாது. விடை தெரிந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். 1965இல் இருபது வயது இளைஞராய் இரயில்வேயில் சேர்ந்தவர், இன்று எண்பதைத் தாண்டிய தாத்தா.

எனவே, மாணவ நண்பர்களே, பலகை வாங்கும் முன் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் குடும்பத்திலோ பக்கத்துத் தாமானிலோ இருக்கும் இரயில்வே முதியவர் ஒருவரைத் தேடிப் போங்கள். "பழைய கதை சொல்லுங்கள் தாத்தா" என்று பொதுவாகக் கேட்டால், "என்னத்தப்பா சொல்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். "கதவு என்ன நிறம் தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதவைத் திறந்துகொண்டு, அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.