விதானையார் தந்த ஐயாயிரம்

புளியங்கூடலில் எங்களுக்கு உறவினர் எவரும் இல்லை. ஆனாலும் அந்த ஊரின் பெயர் எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கும். வாப்பா புடவைக் கட்டை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை என்று தீவுப் பக்கம் போய் வியாபாரம் செய்பவர். பெரும்பாலும் கடனுக்குத்தான் கொடுப்பார். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் ஒரு நீலமட்டைக் கொப்பியில் இருக்கும்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தபோது அந்தக் கொப்பி மூடப்பட்டது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய ஆறு மாவட்டங்களும் ஆபத்துக் கூடியவை எனப் பெயரிடப்பட்டதால், மற்ற இடங்களில் இடையிடையே தளர்ந்த ஊரடங்கு எங்களுக்கு எளிதில் தளரவில்லை. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் வீட்டில் மூன்றாவது வாரமே அரிசி வாளியின் அடி தெரியத் தொடங்கிவிட்டது.

ஏப்ரலில் அரசாங்கம் ஐயாயிரம் ரூபா கொடுப்பனவை அறிவித்தது. மே மாதமும் அது கொடுக்கப்பட்டது. எங்களுக்கு இரண்டு மாதமும் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கத் தொடங்கிய பிறகே விளங்கியது. நமது வீடுகளில் பலர், 'பிரதேச சபை', 'பிரதேச செயலகம்' இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிவு செய்வது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் ஆகியவை. நகரத்தில் இதே வேலையை மாநகர சபையோ நகர சபையோ செய்யும். பிரதேச செயலகத்துக்கு நாம் வாக்களிப்பதில்லை. அது மத்திய அரசாங்கத்தின் கை. மேலே கச்சேரியில் அரசாங்க அதிபர், அவருக்குக் கீழே பிரதேச செயலாளர், அவருக்குக் கீழே கிராம உத்தியோகத்தர். கிராமத் தலைமைக்காரர் முறை 1963இலேயே போய்விட்டது, ஆனால் யாழ்ப்பாணத்து வாயில் அவர் இன்னும் 'விதானையார்'தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இருக்கின்றன. உள்ளூராட்சிச் சபைகள் 17.

ஐயாயிரம் வந்தது இரண்டாவது வழியால். திறைசேரியில் இருந்து கச்சேரி, அங்கிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும். சமுர்த்தி பெறுவோர், அதற்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், தொழிலிழந்தோர் என்று பட்டியல் போட்டார்கள். ஒரு பிரிவில் பதிவில்லாத குடும்பம் அங்கே எவ்வளவு பசித்திருந்தாலும் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

எங்கள் பதிவு புத்தளத்தில் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது வாப்பா சிறுவன். போர் முடிந்த பின் திரும்பி வந்தோம். வீட்டைத் திருத்தினோம், பாடசாலையில் சேர்ந்தோம், குடும்ப அட்டையை மட்டும் மாற்றவில்லை. அங்கே ஒரு துண்டுக் காணி இருக்கிறது, பெரியவாப்பா இருக்கிறார், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். தொலைபேசியில் கேட்டபோது அங்குள்ளவர், "நீங்கள் யாழ்ப்பாணத்தில்தானே இருக்கிறீர்கள்" என்றார். இங்குள்ளவர், "உங்கட பதிவு புத்தளத்திலதானே" என்றார். இரண்டு பதிலும் சட்டப்படி சரி. உம்மா தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது. அது நல்ல சிரிப்பல்ல.

அப்படியானால் நாம் தெரிவு செய்த சபைகள் என்ன செய்தன? காசு கொடுக்கவில்லை என்று பலர் குறை சொன்னார்கள். வரியிலும் சந்தை வாடகையிலும் நடக்கும் சபையிடம், சந்தையையே மூடிய மாதத்தில், வீட்டுக்கு ஐயாயிரம் எங்கிருந்து வரும்? உள்ளூராட்சிச் சபைகள் சந்தைகளை மூடி வெளியான இடங்களுக்கு மாற்றின, பொது இடங்களில் தொற்றுநீக்கி தெளித்தன, வழக்கம்போலக் குப்பை அள்ளின. தீவுப்பகுதியில் இன்னொன்றும் உண்டு: தண்ணீர்.

இருபது விநாடி சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னது வானொலி. தீவுகளில் பல கிணறுகள் உவர். வேலணைச் சாட்டியைப் போல நன்னீர் கிடைக்கும் இடங்கள் சிலவே. மற்ற ஊர்களுக்குக் குடிநீர் பவுசரில் வரவேண்டும். புளியங்கூடல் ஊர்காவற்றுறைப் பிரதேச சபைக்கு உட்பட்டது. கோடை தொடங்கும் பங்குனி, சித்திரையில் பவுசர் ஒரு நாள் பிந்தினாலும் குடங்கள் படலையில் வரிசையாக நிற்கும் என்று வாப்பா சொல்வார். குடிக்கவே அளந்து ஊற்றும் வீட்டில் கை கழுவ எத்தனை கோப்பை? தீவில் அந்த மாதங்களின் முதல் நிவாரணம் பவுசர்தான் என்பது என் எண்ணம். அதற்கு யாரும் படம் பிடித்துப் போடவில்லை.

அரசாங்கத்தின் இரண்டு வழியிலும் சேராத எங்களைப் போன்றவர்களை மூன்றாவது வழி தாங்கியது. அந்த ஆண்டு ரமழான் ஏப்ரல் கடைசியில் வந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் நோன்புக்கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடியவில்லை. கஞ்சிக்கான அரிசியையும் பருப்பையும் பொதி செய்து இரவில் படலையில் வைத்துவிட்டுப் போனார்கள். யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தீவுப் பக்கம் கனடா, சுவிஸ், பிரான்ஸ் பிள்ளைகள் அனுப்பிய காசில் உலர் உணவுப் பொதிகள் ஓடின.

ஊரடங்கு தளர்ந்தபின் வாப்பா முதலில் போனது புளியங்கூடலுக்கு. விற்கப் புடவை இல்லை, கடன் கேட்க மனமும் இல்லை. ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவரப் போனதாகவே சொன்னார். ஒரு வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மா அவரைக் கண்டதும் உள்ளே போய்ச் சீலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை எடுத்து வந்தாராம்.

"தம்பி, விதானையார் காசு தந்தவர். உங்கட கணக்கைப் பாருங்கோ."

"இப்ப வேண்டாம் அம்மா, பிறகு பாப்பம்."

"பிறகெண்டா முடிஞ்சிடும். பிள்ளையளுக்குப் பெருநாள் வருதெல்லே, பிடியுங்கோ."

ஆயிரத்து ஐந்நூறு ரூபா. எங்கள் பெயருக்கு வராத ஐயாயிரத்தில் ஒரு பங்கு அப்படித்தான் பண்ணைப் பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தக் காசில் உம்மா வாங்கியது மாவும் சீனியும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும்.

நன்றி சொல்வதோடு விட்டுவிடக் கூடாது என்று வாப்பாவை நச்சரித்தவள் நான். அடுத்த ஆண்டு பதிவை மாற்றினோம். அது நினைத்த அளவு கடினமல்ல. பழைய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் நீங்கியதற்கான கடிதம், புதிய இடத்தில் குடியிருப்பதற்கு மின்பட்டியலோ காணி உறுதியோ, எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள். எங்களிடம் இவற்றைத்தான் கேட்டார்கள். புத்தளத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏற வேண்டியிருந்தது. வாக்காளர் இடாப்பைத் திருத்தும் படிவம் வரும்போதும் அதே விலாசத்தையே எழுதினோம். 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது, தகவல் திரட்ட வந்தவர் எங்கள் வீட்டுப் படலையையும் தட்டினார்.

புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இப்படி அட்டை ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கமாக இன்னும் எத்தனை குடும்பங்கள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றன என்பது இதை வாசிக்கும் பெற்றோருக்குத் தெரியும். இன்றிரவு அலுமாரியைத் திறந்து, குடும்ப அட்டையில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.